நோயாளியான வைத்தியர்

அவைத்தலைவர் அவர்களே, பெரியோர்களே,

வெள்ளவத்தையில் இன்று கூடியிருப்பவர்களில் சிலர் வைத்தியர்கள். ஏனையோர் வைத்தியர்களிடம் மருந்துத் துண்டு எழுதி வாங்கியவர்கள். இரு சாராரும் பேசத் தயங்கும் ஒன்றைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். வைத்தியருக்கே வருத்தம் வந்தால், அவரை நம்பி வரும் நோயாளியின் கதி என்ன?

நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை வகுத்தார் வள்ளுவர். அவற்றில் முதலிரண்டும் ஓராளிடமே வந்து சேரும் இடந்தான் என் பொருள்.

தான் நோயில் விழுந்தெழுந்த வைத்தியர் கனிந்துவிடுவார் என்பார்கள். அதில் உண்மை உண்டு. எனக்குத் தெரிந்த சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர், தமக்கே சத்திரசிகிச்சை தேவைப்பட்டபோது, நள்ளிரவு முதல் நாவில் நீர்படாமல் காத்துக் கிடந்தார்; காலையென்று சொன்னது பிற்பகலுக்குத் தள்ளிப்போனதை அவருக்கு ஒருவரும் வந்து சொல்லவில்லை; வாட்டைச் சுற்றி வந்த குழுவோ கட்டிலின் கால்மாட்டில் நின்று தமக்குள் பேசிவிட்டு நகர்ந்துவிட்டது. இன்று அவருடைய பட்டியலில் நேரம் மாறினால், அந்தச் செய்தி முதலில் போவது நோயாளிக்குத்தான். எதுவரை தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் மயக்கமருந்து நிபுணரிடம் கேட்டுச் சொல்லிவிடுகிறார்.

ஆனால் அதே அனுபவம் அளவுகோலாகவும் மாறிவிடக்கூடும். “எனக்கும் இதே வருத்தம்தான், மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டேன்” என்று ஒரு வைத்தியர் சொல்லும்போது, எதிரே இருக்கும் நாட்கூலிக்காரர் தம் வலியைச் சொல்லாமலே எழுந்துவிடுகிறார். தம் சீனி வருத்தத்தைக் கவனியாத வைத்தியர் நோயாளியை அளவுக்கு மீறிக் கடிந்துகொள்வதும், அல்லது கண்டும் காணாமல் விடுவதும் நாம் அறியாததல்ல. நோய் தானாக எவரையும் நல்ல வைத்தியராக்குவதில்லை என்பதே என் கருத்து. அதை அவர் ஒளிக்கிறாரா, முறையாக இன்னொருவரிடம் காட்டுகிறாரா என்பதுதான் வேறுபாட்டை உண்டாக்குகிறது.

மனத்தின் வருத்தம் இன்னும் ஆழமாக ஒளிக்கப்படுகிறது. 1889ஆம் ஆண்டு பென்சில்வேனியாவில், புகழ்பெற்ற வைத்தியரும் பேராசிரியருமான வில்லியம் ஒஸ்லர் தம் உரையொன்றில் இளம் வைத்தியர்களுக்குக் கலங்காமையைப் போதித்தார். அதே உரையில் இதயம் மரத்துப்போகக் கூடாதென்றும் அவர் எச்சரித்தார். நம்மவர்கள் முன்பாதியை மட்டும் மனனம் செய்துகொண்டார்கள் போலும்! உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வை நோயாக அன்றி, தொழில்சார் நிலையாகவே வகைப்படுத்துகிறது. களைப்பு, வேலையில் விலகலும் கசப்பும், செயல்திறன் குறைவு என்பன அதன் முகங்கள். களைப்பை வைத்தியர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். அந்த விலகலோ நேரே நோயாளியைச் சென்றடைகிறது. தலைநிமிராமல் எழுதப்படும் துண்டும், கேள்வி முடியுமுன் அழைக்கப்படும் அடுத்த இலக்கமும் அதன் அடையாளங்களாக இருக்கலாம்.

வைத்தியர்களுக்கான உறுதிமொழியாக 1948இல் பிறந்த ஜெனீவாப் பிரகடனத்தில், தம் உடல்நலத்தையும் பேணுவேன் என்று வைத்தியர் உறுதிகூறும் வரி 2017இல்தான் சேர்ந்தது. தரமான பராமரிப்பை வழங்கவே அந்தப் பேணல் என்று அவ்வரியே காரணமும் சொல்கிறது. ஆகவே அது வைத்தியருக்கான சலுகையன்று. லண்டனில் 1950களில் உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட் குடும்ப வைத்தியர்களைச் சிறு குழுக்களாக அமர்த்தி, தம்மைத் தொந்தரவு செய்யும் நோயாளிகளைப் பற்றியும் அப்போது தமக்குள் எழும் உணர்வுகளைப் பற்றியும் பேசவைத்தார். அதற்கு வேண்டியது ஓர் அறையும் சிறிது நேரமும் வழிநடத்த ஒருவருமே.

நம் வைத்தியர்களிற் பலர் தம் நோய்க்கு நடைபாதையில் சக வைத்தியரை நிறுத்தி ஆலோசனை கேட்கிறார்கள், அல்லது தாமே மருந்தெழுதிக்கொள்கிறார்கள். கிளினிக் கொப்பி ஒன்று அவர்களிடம் இருப்பதில்லை. காய்ச்சலோடு வேலைக்கு வருபவரைத் தியாகியென்று பாராட்டுவதை விட்டு, அவருடைய இடத்தில் நிற்கப் பதில் வைத்தியர் ஒருவரைக் கடமைப் பட்டியலிலேயே முன்கூட்டிக் குறித்துவைக்குமாறு, இந்த அவையில் இருக்கும் வைத்தியசாலை நிருவாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.