கம்பவுண்ட் கட்டிய பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் வசிக்கிறேன். ஊரின் பெயரையும் ஆலையின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. செம்பனை எண்ணெய் ஆலை இருக்கும் எந்த ஊரையும் நீங்கள் நினைத்துக்கொள்ளலாம், கதை பெரிதாக மாறிவிடாது. புகையைப் பற்றிக் குடியிருப்பாளர்கள் புகார் கொடுத்தோம். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். சில மாதங்கள் கழித்து, “அது முடிந்துபோன விஷயம், கம்பவுண்ட் கட்டிவிட்டார்கள்” என்ற தகவல் சாப்பாட்டுக் கடை வழியாக எங்களுக்கு வந்து சேர்ந்தது. கம்பவுண்ட் என்றால் சுவர் அல்ல, நீதிமன்றம் போகாமல் குற்றத்தை முடித்துக்கொள்ளக் கட்டும் தொகை. யாரும் கடிதம் எழுதிச் சொல்லவில்லை.

ஓர் ஆலைமீதான காற்று மாசு வழக்கு எப்படிச் சமரசத்தில் முடிகிறது, அப்போது நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் வழக்கறிஞன் அல்லன். ஓய்வு பெறும் வரை பாய்லர் அறையில் வேலை செய்தவன். சட்டத்தைக் குடியிருப்பாளர் சங்கத்துக்காகப் பிற்பாடு படித்துக்கொண்டேன்.

முதலில் புகை. செம்பனைக் குலையை வேகவைக்க நீராவி வேண்டும். அதற்கான விறகை ஆலை வெளியே வாங்குவதில்லை. பிழிந்த பழத்தின் நாரும் கொட்டையின் ஓடுமே பாய்லருக்குத் தீனி. நார் ஈரமாக இருந்தாலும், குலை வரத்து அதிகமான நாளில் அவசரமாக அள்ளிப் போட்டாலும், காற்று போதாமல் தீ திணறும், கரும்புகை கிளம்பும். பாய்லரைப் பற்றவைக்கும் நேரத்திலும் அப்படித்தான். உங்கள் வீட்டுக் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையில் படிகிற கறுப்புத் தூள் அங்கிருந்துதான் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் அந்தத் தூளைவிடத் தெரியாத நுண்துகள்தான் மோசமானது. பழைய ஆலைகளில் காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் கருவி இருக்கும். அது பெரிய துகளைப் பிடிக்கும், நுண்துகளை விட்டுவிடும். நுண்துகளைப் பிடிக்க மின்சாரத்தால் ஈர்க்கும் கருவியோ, துணிப்பை வடிகட்டியோ வேண்டும். அதற்கான செலவு மில்லியன் கணக்கில் போகும். வழக்கின் உயிர்நாடி இந்தச் செலவில்தான் இருக்கிறது.

1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம்தான் நம் நாட்டில் இதற்கு அடிப்படை. அதன் 22ஆம் பிரிவு காற்று மாசைப் பற்றியது. 1978இல் வந்த தூய காற்று விதிமுறைகள், ஒரு கன மீட்டர் புகையில் 400 மில்லிகிராம் தூள் வரை அனுமதித்தன. 2014இல் வந்த புதிய விதிமுறைகள் செம்பனை ஆலை பாய்லர்களுக்கு அதை 150 ஆகக் குறைத்தன. ஏற்கெனவே இயங்கிய ஆலைகளுக்கு ஐந்து ஆண்டு அவகாசமும் கிடைத்தது. அது 2019இல் முடிந்தது. அதே 22ஆம் பிரிவில் “உரிமம் பெற்றிருந்தால் ஒழிய” என்றொரு வாசகமும் இருக்கிறது. வரம்பை மீறவும் உரிமம் கேட்கலாம் என்பது பொருள். ஆகவே புகார் கொடுப்பவர்கள், அந்த ஆலை அப்படியோர் உரிமம் வைத்திருக்கிறதா என்பதை முதலில் விசாரிப்பது நல்லது.

இப்போது கம்பவுண்டுக்கு வருகிறேன். ஆலை விதியை மீறியது என்று சுற்றுச்சூழல் துறை முடிவு செய்தால், அரசு வழக்குரைஞரின் சம்மதத்தோடு, நீதிமன்றம் போகாமலே ஒரு தொகையைக் கட்டி முடித்துக்கொள்ள வாய்ப்புக் கொடுக்கலாம். கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்கு இல்லை. இந்தத் தொகைக்கு 2,000 வெள்ளிதான் (ரிங்கிட்) நீண்ட காலம் உச்சவரம்பாக இருந்தது. வடிகட்டி வாங்க மில்லியன், வாங்காமல் இருக்க இரண்டாயிரம். எந்தக் கணக்கப்பிள்ளையும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

2019இல் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிய சம்பவம் உங்களுக்கு நினைவிருக்கும். மாணவர்கள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. அபராதம் போதாது என்ற குரல் அதன்பின் பலமானது. 2024இல் சட்டம் திருத்தப்பட்டு ஜூலையில் நடப்புக்கு வந்தது. பல குற்றங்களுக்கு அதிகபட்ச அபராதம் ஒரு கோடி வெள்ளி வரை ஏறியிருக்கிறது. கம்பவுண்டும் அதிகபட்ச அபராதத்தில் பாதி வரை போகலாம். பத்திரிகைகள் இதைப் பெரிய எழுத்தில் போட்டன. நானும் மகிழ்ந்தேன்.

ஆனாலும் எனக்கு இதில் ஒரு குறை தெரிகிறது. கட்டும் தொகை நடந்து முடிந்த குற்றத்துக்கானது. பாய்லரில் நாளை என்ன மாறப்போகிறது என்பது அந்த ரசீதில் இருக்காது. கருவியைப் பொருத்து, பழுது பார், இந்தத் தேதிக்குள் முடி என்று உரிமையாளருக்கு உத்தரவிட அதே சட்டத்தின் 31ஆம் பிரிவு துறைக்கு அதிகாரம் தருகிறது. அந்த அறிவிப்பும் கம்பவுண்டும் சேர்ந்து வந்தால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு வழக்கு முடிந்ததாகப் பொருள். இன்னொன்றும் இருக்கிறது. நீதிமன்றத்தில் குற்றம் உறுதியானால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்ல நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கம்பவுண்ட் கட்டிவிட்டால் நீதிமன்றமே இல்லை. அந்தக் கதவும் சாத்தப்படுகிறது. ஆஸ்துமா மருந்து வாங்கிய ரசீதுகளைச் சேர்த்து வைத்திருக்கும் தாய்மாரிடம் இதை யார் விளக்கப் போகிறார்கள்?

அமெரிக்காவிலும் பெரும்பாலான வழக்குகள் சமரசத்தில்தான் முடிகின்றன. அவர்களை நான் பெரிதாகப் புகழ வரவில்லை, ஒரே ஒரு நடைமுறைக்காகச் சொல்கிறேன். கம்மின்ஸ் என்ற எஞ்சின் உற்பத்தியாளர், சோதனையில் நல்லபிள்ளையாக நடந்து சாலையில் அதிகப் புகை விடும்படி பிக்கப் லாரி எஞ்சின்களை அமைத்ததாகக் குற்றச்சாட்டு. 2023 டிசம்பரில் 167.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்நாட்டின் தூய காற்றுச் சட்டத்தில் அதுவரை இல்லாத பெரிய சிவில் அபராதம். தவறு செய்ததாக நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. சமரசம் என்றால் எங்கும் அப்படித்தான். ஆனால் பணத்தோடு விடவில்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது, கூடுதலாக வெளியேறிய மாசை ஈடுகட்டப் பழைய ரயில் எஞ்சின்களை மாற்றித் தருவது என நிபந்தனைகள் எழுத்தில் இருந்தன. அந்த ஒப்பந்த வரைவை நீதிமன்றத்தில் வைத்து, பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் நீதிபதியின் ஒப்புதல்.

அந்த முப்பது நாள்தான் எனக்கு வேண்டும். ஆலைக்காரரும் அதிகாரியும் பேசி முடிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. கையெழுத்துப் போடுமுன் நிபந்தனைகளை அந்த வட்டாரத்து மக்கள் படிக்க வேண்டும்.

ஆலையை மூட வைக்கப் பார்க்கிறீர்களா என்று எங்கள் சங்கத்தைக் கேட்டார்கள். கேட்டவர்களில் ஆலைத் தொழிலாளிகளும் உண்டு, அவர்கள் பயம் நியாயமானது. இரவு ஷிப்டுக்குப் போகிற அப்பாவும், மூச்சுக்குழாய் மருந்தோடு பள்ளிக்குப் போகிற பிள்ளையும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மூடச் சொல்லி நாங்கள் ஒரு வரி எழுதியதில்லை. நாரைக் காயவைத்துப் போடவும், காற்றைச் சரியாகக் கொடுக்கவும் பயிற்சி பெற்ற ஆள் இருந்தாலே புகை பாதி குறையும். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன், ஆய்வுக் கட்டுரை எதுவும் கையில் இல்லை.

புகார் கொடுக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். “எப்போதும் புகை” என்று எழுதினால் அதிகாரியால் ஒன்றும் செய்ய முடியாது. தேதி, மணி, எத்தனை நிமிடம், காற்று எந்தப் பக்கம் என்று எழுதி, படத்தோடு துறையின் இ-அடுவான் என்ற இணையப் புகார் தளத்தில் போடுங்கள். புகையின் கருமையை ரிங்கெல்மன் அட்டையோடு ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள். வெள்ளைத் தாளில் கறுப்புக் கட்டங்கள், ஒன்றாம் எண் 20 விழுக்காடு, ஐந்தாம் எண் முழுக் கறுப்பு. வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்க்கும் முறை என்பதால் இருட்டில் அது உதவாது. இரவில் மட்டும் ஏன் புகை கூடுகிறது என்று கேட்பவர்கள் இதையும் யோசியுங்கள்.

சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. சுற்றுச்சூழல் துறை கூட்டரசுடையது, அதனால் அது இந்த மாநிலச் சட்டத்துக்குள் வராது. ஆனால் ஊராட்சி மன்றம் வரும். ஆலையின் வணிக உரிமத்தையும் அதன் நிபந்தனைகளையும் அங்கே விண்ணப்பித்துக் கேட்கலாம். துறைக்குத் தனியாக எழுதும்போது மூன்று கேள்வி போதும்: 31ஆம் பிரிவு அறிவிப்புக் கொடுத்தீர்களா, கருவி எந்தத் தேதிக்குள், அதன்பின் புகையை அளப்பது யார். கடிதத்தை மலாயில் எழுதுங்கள், சங்கத்தின் முத்திரை இருக்கட்டும், சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். எங்கள் கடிதம் போன வாரம்தான் போயிருக்கிறது. பதில் வந்ததும், நிலையத்தார் அனுமதித்தால், இங்கேயே படித்துக் காட்டுகிறேன்.

வணக்கம்.