இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள்

(ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் மாணவர்களை வழியனுப்பும் கூட்டத்தில் பேசியது)

அனைவருக்கும் வணக்கம்.

அக்டோபரில் குளிர்காலக் கல்விப் பருவம் தொடங்குகிறது. விசா கைக்கு வந்தாயிற்று, பெட்டியும் பாதி கட்டியாயிற்று. புளியும் சாம்பார்ப் பொடியும் எவ்வளவு கொண்டுபோவது என்பதை அம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும், இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது, காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். இதெல்லாம் ஒரு மாதத்தில் தானாகப் பழகிவிடும். எனக்குப் பழக இரண்டு வருடம் ஆன ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

போன முதல் மாதம். உடன் படித்த ஒருவன் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து புராஜெக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. சாயங்காலம் அவன் ரொட்டியை வெட்டி, சீஸும் தக்காளியும் எடுத்து வைத்து, "சாப்பிடுகிறாயா?" என்றான். "இல்லை, பரவாயில்லை" என்றேன். நம் ஊரில் அது ஒரு பதிலே இல்லை. "அட, சும்மா சாப்பிடுப்பா" என்று தட்டை நம் பக்கம் தள்ளுவார்கள். இன்னொரு தடவை மறுப்போம். அப்புறம் கை கழுவப் போவோம். அவன் "சரி" என்று சொல்லிவிட்டு மற்ற இருவரோடும் உட்கார்ந்து சாப்பிட்டான். ரொட்டியின் மேலோடு நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. என்ன மனிதர்கள் இவர்கள் என்று அன்றிரவு அழுதேன்.

அவன் ஈரமில்லாதவன் இல்லை. குளிர் தாங்கவில்லை, ஜாக்கெட் எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று நவம்பரில் கேட்டேன். மறுநாளே தன் அண்ணனுடைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து தந்தான். வேண்டாம் என்றவரை வற்புறுத்துவது அங்கே மரியாதை இல்லை. நீ சொன்னதை நான் அப்படியே நம்புகிறேன் என்பதுதான் அவர்கள் தரும் மரியாதை. இன்னொன்று: டீ வேண்டுமா என்று கேட்டால் வெறும் "டாங்கே" என்று சொல்லாதீர்கள். நன்றி என்றுதான் அதற்குப் பொருள், ஆனால் அந்த இடத்தில் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆமாம், கொடுங்கள் என்ற பொருளில் "யா, பிட்டே" என்று சொல்லுங்கள்.

வகுப்பிலும் இதேதான். விரிவுரை முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அதுதான் அங்கே கைதட்டல். ஒன்றுமே புரியாத நாட்களிலும் நானும் தட்டிவிட்டு வெளியே வந்திருக்கிறேன். ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திக்கவென்றே நேரம் ஒதுக்கியிருப்பார்கள். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போய், எனக்கு இந்த இடம் புரியவில்லை என்று சொல்லுங்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுத முடியும். மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பே போய்விடும். இரண்டு முறை தவறியதை வீட்டிலும் சொல்லாமல், அங்கேயும் சொல்லாமல் அறைக்குள்ளேயே கிடந்த பையன்களை எனக்குத் தெரியும். சொல்ல முடியாததற்குக் காரணமும் தெரியும். ஓர் ஆண்டுச் செலவுக்கென்று வங்கியில் முன்கூட்டியே கட்டிய 11,904 யூரோ, பல வீடுகளில் கடன் வாங்கிய பணம். இவ்வளவு செய்தவர்களிடம் எப்படிச் சொல்வது?

சொல்லிவிடுங்கள். வீட்டில் சொல்ல முடியவில்லையா, மாணவர்களுக்கான மனநல ஆலோசனை அங்கே இருக்கிறது. பெரும்பாலும் பணம் வாங்குவதில்லை. நீங்களாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா அம்மாக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். டிசம்பரில் அங்கே நாலரை மணிக்குள் இருட்டிவிடும். இங்கே அப்போது இரவு 9 மணி. நீங்கள் போன் செய்வீர்கள். "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேன்" என்று பிள்ளை சொல்லும். சரி என்று வைத்துவிடாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.