ஃபார்மேட் போடாதீங்க! ரெண்டு ஸ்கிரீன் கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் பட்டுன்னு மூடுதா? முதல்ல பின்னாடி வயரைப் பாருங்க

வணக்கம் மக்களே. இன்னைக்கு வீடியோ கொஞ்சம் சூடாத்தான் இருக்கும். காரணம், ஒருத்தர் எனக்கு அனுப்பியிருந்த ஒரு ரசீது. சிங்கப்பூர் தேக்கா பக்கம் சின்னக் கடை. கவுண்டர்ல ரெண்டு ஸ்கிரீன், ஒண்ணு கல்லாவுல இருக்கறவருக்கு, இன்னொண்ணு பக்கத்துல கணக்குப் பாக்கறவங்களுக்கு. பில்லிங் சாஃப்ட்வேரை ரெண்டாவது ஸ்கிரீனுக்கு இழுத்தா பட்டுன்னு மூடிக்குது. எச்சரிக்கை கிடையாது, ஒண்ணும் கிடையாது. ரிப்பேருக்குக் கொண்டுபோன இடத்துல ரசீதுல என்ன எழுதியிருக்காங்கன்னா, "விண்டோஸ் ஃபார்மேட், 120 வெள்ளி". அதாவது எல்லாத்தையும் அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசாப் போட்டிருக்காங்க. கடைக்குக் கொண்டுவந்து மாட்டி, இழுத்துப் பாத்தா, மறுபடியும் அதே கதை.

120 வெள்ளிங்க! நம்ம சேனலைத் தொடர்ந்து பாக்கறவங்களுக்குத் தெரியும், "முதல்ல ஃபார்மேட் பண்ணிடலாம்"னு சொல்றவங்களை எனக்கு அறவே பிடிக்காது. ஃபார்மேட் பண்ணா காரணம் அழிஞ்சு போகாது, காரணத்தோட தடயம்தான் அழிஞ்சு போகும். அதோட, ரிப்பேர் கடை மேசையில ஒரே ஒரு மானிட்டர் மாட்டித்தான் சோதிப்பாங்க. ஒரு மானிட்டர்ல இந்தப் பிரச்சினை வரவே வராது. "சரியாயிடுச்சு"ன்னு நம்பிக் குடுத்துடுவாங்க. அதனால கொண்டு போறதா இருந்தா ரெண்டு மானிட்டரையும், முக்கியமா அதே வயருங்களையும் சேர்த்துக் கொண்டு போங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். ஒரு சாஃப்ட்வேர் மூடிக்கிட்டா, அது ஏன் மூடுச்சுன்னு விண்டோஸ் அப்பவே எழுதி வச்சிடுது. நாமதான் போய்ப் படிக்கறதில்ல. ஸ்டார்ட் மெனுவுல ஈவென்ட் வியூவர்னு தட்டுங்க. இடது பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள அப்ளிகேஷன். எத்தனை மணிக்கு மூடுச்சோ அந்த நேரத்துக்கு நேரா செவப்புக் குறி ஒண்ணு இருக்கும். சோர்ஸ்ங்கற இடத்துல அப்ளிகேஷன் எர்ரர், ஈவென்ட் ஐடி 1000. அதைத் தொட்டா கீழ விவரம் வரும். அதுல எனக்கு ரெண்டே ரெண்டு வரி போதும். ஒண்ணு ஃபால்ட்டிங் மாட்யூல் நேம், அதாவது எந்த ஃபைல்ல விழுந்துச்சுங்கற பேரு. இன்னொண்ணு எக்ஸப்ஷன் கோட், அதாவது என்ன வகைக் கோளாறுங்கற எண்.

மாட்யூல் பேரு "என்வி" எழுத்துல ஆரம்பிச்சா, உதாரணமா என்வி ஓஜிஎல் வி 64, அது என்விடியா டிரைவர், அதாவது அந்தக் கம்பெனி கிராஃபிக்ஸ் சிப்பை ஓட்டற சாஃப்ட்வேர். "ஐஜி"ன்னு ஆரம்பிச்சு நடுவுல "ஐசிடி"ன்னு இருந்தா இன்டெல் டிரைவர். "ஏடிஐஓ"ன்னு வந்தா ஏஎம்டி. இந்த மூணுல ஒண்ணு வந்துச்சுன்னா உங்க சாஃப்ட்வேர் படம் வரையற இடத்துல தடுக்கி விழுந்திருக்குன்னு அர்த்தம். விண்டோஸை மாத்தி ஒரு பிரயோசனமும் இல்ல. எக்ஸப்ஷன் கோட்ல பூஜ்யம், எக்ஸ், சி, அதுக்கப்புறம் ஆறு பூஜ்யம், கடைசியில 5ன்னு இருந்தா, தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொடப் போயிருக்குன்னு அர்த்தம்.

மாட்யூல் பேரு கெர்னல்பேஸ்னோ என்டிடிஎல்எல்னோ வந்தா அதைக் குத்தம் சொல்லாதீங்க, ரெண்டும் விண்டோஸோட சொந்த ஃபைல். பெரும்பாலும் அது தபால்காரர் மாதிரி, கெட்ட செய்தியைக் கொண்டுவந்து குடுத்திருக்கு, அவ்வளவுதான். அதே நிமிஷத்துல டாட்நெட் ரன்டைம்ங்கற பேருல 1026ன்னு இன்னொரு பதிவு இருக்கான்னு பாருங்க. இருந்தா அதுக்குள்ளதான் உண்மையான காரணம் இருக்கும். சாஃப்ட்வேர் செஞ்சவங்களுக்கு அனுப்ப வேண்டியதும் அதுதான்.

ஆ, ஒண்ணு விட்டுட்டேன். 1000 இல்லாம 1002ன்னு இருந்தா, அது மூடல, உறைஞ்சு போயிருக்கு. ரெண்டும் வேற வேற. 1002 வந்தவங்க இந்த வீடியோவுல பாதியைத் தாண்டிடலாம்.

இப்ப பின்பக்கம் வாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இதுதான். கேமராவை கம்ப்யூட்டர் கேஸுக்குப் பின்னாடி கொண்டு போறேன், பாருங்க. மேல, யுஎஸ்பி ஓட்டைங்களுக்குப் பக்கத்துல, ஒரு எச்டிஎம்ஐ தெரியுது இல்லையா? இது மதர்போர்டோடது. அதுல மாட்டினா படம் பிராசசருக்குள்ள இருக்கற கிராஃபிக்ஸ்லேர்ந்து வரும். கீழ படுக்கை வசத்துல வரிசையா நாலு ஓட்டை இருக்கு, இது கிராஃபிக்ஸ் கார்டு. மூணு டிஸ்ப்ளேபோர்ட், ஒரே ஒரு எச்டிஎம்ஐ. நிறைய கார்டுங்க இப்படித்தான் வருது. டிஸ்ப்ளேபோர்ட் வாய் மேல கறுப்பு பிளாஸ்டிக் மூடி வேற போட்டிருப்பாங்க, அதை எடுக்கவே தெரியாம நிறைய பேரு விட்டு வச்சிருக்காங்க.

ரெண்டு மானிட்டருக்கும் பெட்டிக்குள்ள எச்டிஎம்ஐ வயருதான் வந்திருக்கும். முதல் வயரு கார்டுக்குப் போயிடுச்சு. ரெண்டாவது எங்க போகும்? கார்டுல வேற எச்டிஎம்ஐ இல்ல, மேல ஒண்ணு காலியா இருக்கு, அதுல சொருகிடறாங்க. படம் வருது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா ஒரு ஸ்கிரீனை இன்டெல் டிரைவர் ஓட்டுது, இன்னொண்ணை என்விடியா டிரைவர் ஓட்டுது. சாஃப்ட்வேர் திறக்கும்போது ஒரு டிரைவரைப் பிடிச்சுக்கிட்டு வரைய ஆரம்பிக்கும். நீங்க ஜன்னலைப் பிடிச்சு அடுத்த ஸ்கிரீனுக்கு இழுத்தா, அந்தப் படத்தை இன்னொரு சிப்புக்கு நகலெடுத்து அனுப்பணும். பிரௌசர் மாதிரி புது சாஃப்ட்வேருங்க இதைச் சமாளிச்சுக்கும். பழைய பில்லிங், பழைய கேட் (CAD) வரைபட சாஃப்ட்வேர், ஓப்பன்ஜிஎல்ங்கற படம் வரையற முறையை நம்பி எழுதினது, இதெல்லாம் அந்த எல்லையைத் தாண்டும்போது விழலாம்.

உறுதிப்படுத்திக்க கேஸைக்கூட நகர்த்த வேணாம். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கீழ அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. மேல ஸ்கிரீனை மாத்தி மாத்தித் தேர்ந்தெடுங்க. ஒவ்வொண்ணுக்கும் "கனெக்டட் டு"ன்னு ஒரு வரி வரும். ரெண்டு ஸ்கிரீனுக்கும் ஒரே பேரு வந்தா இந்தக் காரணம் இல்ல. வேற வேற பேரு வந்தா, இதுதான் நான் முதல்ல சந்தேகப்படற ஆளு. அந்தக் கடைக்காரர் ஸ்கிரீன் படம் அனுப்பினாரு, ஒண்ணுல இன்டெல், இன்னொண்ணுல என்விடியா!

தீர்வு என்ன? ஒரு வயரு. ஒரு முனை டிஸ்ப்ளேபோர்ட், மறு முனை எச்டிஎம்ஐ. அவர் வாங்கினது 12 வெள்ளி 90 காசு, ஜிஎஸ்டி உள்பட. 120 வெள்ளி எங்க, 12 வெள்ளி 90 காசு எங்க! மாட்டினப்புறம் நாள் பூரா இழுத்து இழுத்துப் பாத்திருக்காரு, ஒரு தடவைகூட மூடலன்னு குரல் பதிவு அனுப்பியிருந்தாரு. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனா வயரு வாங்கும்போது கவனம். இந்த வயரு ஒருவழிப் பாதை. கம்ப்யூட்டர் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ, இப்படி மட்டும்தான் வேலை செய்யும். திருப்பி மாட்டினா படமே வராது. சாதாரண 1080 ஸ்கிரீனுக்கு, 60 ஹெர்ட்ஸுக்கு விலை குறைஞ்ச வயரே போதும். 4கே மானிட்டர், 60 ஹெர்ட்ஸ் வேணும்னா "ஆக்டிவ்"னு போட்டிருக்கறதைக் கேட்டு வாங்குங்க. உங்க மானிட்டர்லயே டிஸ்ப்ளேபோர்ட் இருந்தா இந்தக் கலப்பு வயரே வேணாம், ரெண்டு பக்கமும் டிஸ்ப்ளேபோர்ட் இருக்கற வயரை வாங்குங்க, என் ஓட்டு அதுக்குத்தான். அதுலயும் ரொம்ப மலிவானதுல ஒரு ஆபத்து இருக்கு. 20ஆவது பின்னை ரெண்டு முனைக்கும் இணைச்சிருக்கக் கூடாதுங்கறது விதி. அதுல 3.3 வோல்ட் மின்சாரம் வரும். சில வயருல அதையும் இணைச்சிருப்பாங்க. மானிட்டர்லேர்ந்து கார்டுக்கு மின்சாரம் திரும்பிப் பாஞ்சு, கம்ப்யூட்டர் ஆன் ஆகறதுல, தூங்கி எழுந்திரிக்கறதுல எல்லாம் கோளாறு வரும்.

கழட்டும்போது இழுத்துப் பிடுங்காதீங்க. டிஸ்ப்ளேபோர்ட் தலையில ஒரு சின்ன பொத்தான் இருக்கு, இதோ, கட்டைவிரல் வச்சிருக்கேன் பாருங்க. அதை அழுத்தினா உள்ள இருக்கற ரெண்டு கொக்கியும் உள்வாங்கும், அப்புறம் நேரா இழுங்க. வீவக அடுக்குமாடி வீட்டு அறையில மேசையைச் சுவரோட ஒட்டிப் போட்டிருப்போம், கையே போகாது. மேசையை நகர்த்திட்டுச் செய்யுங்க, கார்டு வாய் உடைஞ்சா அப்புறம் செலவு பெருசு.

வயரு வாங்கற வரைக்கும் வேலை ஓடணும்னா, செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ். அந்த சாஃப்ட்வேரைச் சேருங்க, அது எந்த ஸ்கிரீன்ல ஓடுதோ அந்த ஸ்கிரீனோட சிப்பைத் தேர்ந்தெடுங்க. பவர் சேவிங்னா வழக்கமா உள்ள இருக்கறது, ஹை பெர்ஃபார்மன்ஸ்னா கார்டு. ஓப்பன்ஜிஎல் சாஃப்ட்வேர் சிலது இந்த அமைப்பை மதிக்காது. அதுக்கு, கார்டுல மாட்டின ஸ்கிரீனை மெயின் டிஸ்ப்ளேயா வச்சுட்டு, சாஃப்ட்வேரை அங்கேயே திறந்து, இழுக்காம வேலை பாருங்க.

லேப்டாப்காரங்க, உங்களுக்கு வேற காரணம் இருக்கு. டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல ஸ்கேல்னு ஒண்ணு இருக்கும், எழுத்தைப் பெருசாக்கிக் காட்டற அளவு. அது லேப்டாப் ஸ்கிரீன்ல 150 சதவீதம், வெளி மானிட்டர்ல 100 சதவீதம். ஜன்னல் எல்லையைத் தாண்டும்போது "அளவு மாறிடுச்சு, திரும்ப வரை"ன்னு விண்டோஸ் சொல்லும். பழைய சாஃப்ட்வேருக்கு அது புரியாது. சோதனை ரொம்பச் சுலபம், ரெண்டையும் 100க்குக் கொண்டு வந்து, சைன் அவுட் பண்ணி உள்ள வந்து இழுங்க. மூடலைன்னா காரணம் அதுதான். அப்புறம் பழையபடி 150 வச்சுக்கிட்டு, அந்த சாஃப்ட்வேர் ஐகானை வலது சொடுக்கு, ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ். கீழ ஓவர்ரைடுல டிக் போட்டு "சிஸ்டம்" வைங்க. எழுத்து கொஞ்சம் மங்கலாத் தெரியும், ஆனா மூடாது. "சிஸ்டம் என்ஹான்ஸ்டு" வச்சா சில சாஃப்ட்வேர்ல எழுத்து தெளிவா வரும், அதையும் ஒரு தடவை போட்டுப் பாருங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு. "சாஃப்ட்வேர் திறக்குது, உடனே காணாமப் போயிடுது"ம்பாங்க. கீழ டாஸ்க்பார்ல ஐகான் இருக்கான்னு பாருங்க. இருந்தா அது மூடவே இல்ல. இப்ப இல்லாத ரெண்டாவது ஸ்கிரீன்ல போய் நிக்குது. ஐகானைத் தொட்டுட்டு விண்டோஸ், ஷிஃப்ட், இடது அம்பு, மூணு கீயையும் சேர்த்து அழுத்துங்க. வரலைன்னா ஆல்ட்டும் ஸ்பேஸும், அப்புறம் எம், அப்புறம் ஒரு அம்புக்குறி, மௌஸை நகர்த்தினா ஒட்டிக்கிட்டு வந்துடும்.

சாப்பிடப் போயிட்டு வந்தா மூடியிருக்குன்னு சொல்றவங்களுக்கு: டிஸ்ப்ளேபோர்ட்ல மாட்டின மானிட்டரை அணைச்சா, பல மாடல்ல விண்டோஸ் அதை வயரைப் பிடுங்கின மாதிரிதான் எடுத்துக்கும். எல்லா ஜன்னலையும் அள்ளி இன்னொரு ஸ்கிரீன்ல கொட்டும், அப்ப சில சாஃப்ட்வேர் விழும். மானிட்டர் மெனுவுல டீப் ஸ்லீப், ஆட்டோ சோர்ஸ் மாதிரி இருந்தா அணைங்க. விண்டோஸ் 11ல டிஸ்ப்ளே பக்கத்துல மல்டிபிள் டிஸ்ப்ளேஸ்குள்ள, மானிட்டர் போனா ஜன்னல்களைச் சுருக்கி வைக்கற டிக் ஒண்ணு இருக்கு, அதையும் போட்டும் எடுத்தும் பாருங்க.

சரி, ரெண்டு ஸ்கிரீனும் ஒரே கார்டுல, அளவும் ஒண்ணு, அப்பவும் மூடுது? ஈவென்ட் வியூவர்ல இந்தத் தடவை அப்ளிகேஷன் இல்ல, சிஸ்டம் பக்கம் போங்க. டிஸ்ப்ளேங்கற பேருல 4101 இருக்கா? கார்டு 2 விநாடி பதில் சொல்லல, விண்டோஸ் டிரைவரை அடிச்சு எழுப்பியிருக்குன்னு அர்த்தம். ரெண்டு ஸ்கிரீனும் ஒரு கணம் கறுத்து வரும். இங்க டிரைவரைச் சுத்தமா எடுத்துட்டுப் போடணும். புது டிரைவரை முதல்ல இறக்கி வச்சுக்குங்க, நெட்டைத் துண்டிங்க, சேஃப் மோட்ல டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்ங்கற புரோகிராமை ஓட்டுங்க, அப்புறம் புதுசைப் போடுங்க. நெட்டைத் துண்டிக்காம விட்டா, நீங்க எடுத்த கையோட விண்டோஸ் அப்டேட் தன்கிட்ட இருக்கற டிரைவரைப் போட்டுடும். அப்பவும் 4101 வந்தா டிரைவரை விடுங்க, கார்டோட சூட்டையும் பவர் சப்ளையையும் பாருங்க. ஏர்கான் இல்லாத அறை, கேஸ் பின்பக்கம் சுவரோட ஒட்டி இருக்குன்னா, அதுவே ஒரு காரணம். ஒரு ஸ்கிரீன் 144, இன்னொண்ணு 60 ஹெர்ட்ஸ்னு ஓட்டினா சில கார்டுங்க சும்மா இருக்கும்போதே மெமரி வேகத்தை இறக்காது, சூடாவே இருக்கும். 144ஐ 120 ஆக்கிப் பாருங்க.

விண்டோஸோட உள் அமைப்புங்க இருக்கற ரெஜிஸ்ட்ரியில அந்த 2 விநாடியை 10 ஆக்குன்னு நிறைய வீடியோ சொல்லுது. எனக்கு உடன்பாடு இல்ல. பெரிய ரெண்டரிங் ஓட்டறவங்களுக்கு அர்த்தம் இருக்கு, பில்லிங் கம்ப்யூட்டருக்கு அது நோயை மறைக்கற வேலை.

முன்னாடியே சொல்லியிருக்கணும், இப்பவாவது சொல்லிடறேன்: எதை மாத்தினாலும் ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்துங்க. மாத்தினதை ஒரு தாள்ல எழுதுங்க. சாஃப்ட்வேருக்குள்ளயே ஹார்ட்வேர் ஆக்சலரேஷன்னு, அதாவது படம் வரையற வேலையை கிராஃபிக்ஸ் சிப்புக்குக் குடுக்கற ஒரு டிக் இருந்தா, வயரு பாத்தப்புறம் முதல்ல அதை எடுத்துப் பாருங்க, அரை நிமிஷ வேலை.

எனக்கு எழுதிக் கேக்கறவங்க "மூடுது அண்ணே"ன்னு மட்டும் எழுதாதீங்க. ஃபால்ட்டிங் மாட்யூல் பேரு, எக்ஸப்ஷன் கோட், ரெண்டு ஸ்கிரீனோட கனெக்டட் டு வரி, ரெண்டோட சதவீதம், பின்பக்கத்தோட ஒரு படம். இதை அனுப்புங்க, பதில் போடறேன். யுஎஸ்பி டாக் வழியா ரெண்டாவது ஸ்கிரீன் மாட்டியிருக்கறவங்க டாக்கோட மாடல் எண்ணையும் சேர்த்து அனுப்புங்க, அது தனி டிரைவர், அதுக்குத் தனியா வீடியோ போடறேன்.