குடியாத்தம் பஸ் ஏறினால் கட்சி புரியும்

[காட்சி: வாக்குப்பதிவு இயந்திரம், நெருக்கத்தில்]

இந்த இயந்திரத்தை நன்றாகப் பாருங்கள். வேட்பாளர் பெயர் இருக்கிறது, போட்டோ இருக்கிறது, சின்னம் இருக்கிறது. கட்சியின் பெயர் மட்டும் இல்லை. ஆனாலும் நம்மில் பலருக்கு விரல் சின்னத்தைத் தேடித்தான் போகும்.

1950-ல் வந்த அரசியல் சட்டமும் அப்படித்தான். முதலமைச்சரை ஆளுநர் நியமிப்பார், அமைச்சரவை சட்டமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. கட்சி என்ற பேச்சே அதில் கிடையாது. அப்புறம் ஆட்சியில் கட்சிக்கு என்ன வேலை? வேலூரிலிருந்து குடியாத்தம் பஸ் ஏறுங்கள், சொல்கிறேன்.

[காட்சி: குடியாத்தம் கடைத்தெரு, பழைய கருப்பு வெள்ளைப் படங்கள்]

1952. சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 375 இடங்கள். பெரும்பான்மைக்கு 188 வேண்டும். காங்கிரஸ் ஜெயித்தது 152. அப்போது வட ஆற்காட்டில் செல்வாக்காக இருந்தது மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி. வன்னியர்களை நம்பி எழுந்த கட்சி, கையில் இருந்தது 6 எம்.எல்.ஏ.க்கள். காங்கிரஸின் ராஜாஜி ஆட்சி அமைக்க, வேறு சிலரோடு சேர்ந்து இவர்களும் ஆதரவு தந்தார்கள், நாயக்கர் அமைச்சரானார். ஆறு பேரும் ஆளுக்கொரு திசையில் நின்றிருந்தால் கோட்டையில் யார் சீண்டியிருப்பார்கள்? சேர்ந்து நின்றதால்தான் பேரம் பேச முடிந்தது. பேரம் என்றதும் முகம் சுளிக்காதீர்கள், கூட்டணி ஆட்சிக்கு அதுதான் அஸ்திவாரம். அந்தக் கட்சி பிறகு காங்கிரஸிலேயே கரைந்துபோனது.

1954-ல் ராஜாஜி விலகினார். பொதுத்தேர்தல் எதுவும் வரவில்லை. காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் கூடி ஓட்டுப் போட்டார்கள், சி.சுப்பிரமணியத்தைத் தோற்கடித்துக் காமராஜர் முதலமைச்சரானார். தோற்றவரையும் தன் அமைச்சரவையிலேயே சேர்த்துக்கொண்டார் என்பது தனிக்கதை. சிக்கல் என்னவென்றால், காமராஜர் அப்போது எம்.எல்.ஏ. இல்லை. ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்துக்குள் வந்தாக வேண்டும். விருதுநகர்க்காரர் இடைத்தேர்தலுக்குத் தேர்ந்தெடுத்த தொகுதி, நம் குடியாத்தம். எதிர்க்கட்சியான தி.மு.க.வே அவரை ஆதரித்தது. ஜெயித்தார். முதலமைச்சர் யார் என்று கட்சி முதலில் முடிவு செய்தது. குடியாத்தம் பிறகு முத்திரை குத்தியது.

[காட்சி: கோட்டை, சட்டமன்றக் கட்டடம்]

1985-ல்தான் கட்சி அரசியல் சட்டத்துக்குள்ளேயே நுழைந்தது. கட்சித்தாவல் தடைச் சட்டம், பத்தாவது அட்டவணை. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி சார்பில் சொல்பவர் கொறடா. அவர் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, கட்சியைத் தானாக விட்டு விலகினாலோ பதவி போய்விடும்.

சரி, 'தானாக விலகுவது' என்றால் ராஜினாமா கடிதம்தானே? அங்கேதான் 2017 வருகிறது. அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் 18 பேர், முதலமைச்சர் பழனிசாமி மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். கட்சியில்தான் இருக்கிறோம் என்றார்கள். நடத்தையே விலகலுக்குச் சமம் என்று, செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் அவர்களைத் தகுதிநீக்கம் செய்தார். 2018 அக்டோபரில் உயர்நீதிமன்றமும் அது சரி என்றது. குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர் எம்.எல்.ஏ.க்களும் அந்தப் பட்டியலில். பதினெட்டுப் பேர் வெளியே போனதும் பெரும்பான்மைக்கு வேண்டிய எண்ணிக்கையும் இறங்கிவிட்டது. ஆட்சி நின்றது, குடியாத்தத்துக்கு ஒன்றரை வருஷம் எம்.எல்.ஏ. இல்லை.

என்னைக் கேட்டால், ஆட்சி நிற்குமா விழுமா என்ற ஓட்டுக்கு மட்டும் இந்தக் கடிவாளம் போதும். சாதாரண மசோதாவுக்கும் கொறடாவைப் பார்த்துக் கை தூக்கினால், தொகுதிக்காக எப்போது பேசுவது?

[காட்சி: மை வைத்த விரல்]

2019 ஏப்ரல் 18 அன்று இடைத்தேர்தல். அதே நாளில் நடக்க வேண்டிய வேலூர் நாடாளுமன்றத் தேர்தல், பணம் பிடிபட்டதால் இரண்டு நாள் முன்பு ரத்தானது. குடியாத்தமும் ஆம்பூரும் ஏப்ரலில் சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டு, ஆகஸ்ட் 5 அன்று நாடாளுமன்றத்துக்கு மறுபடி வரிசையில் நின்றன.

ஆகஸ்ட் தேர்தலில் இரட்டை இலையில் நின்றவர் ஏ.சி.சண்முகம். அவர் புதிய நீதிக் கட்சியின் தலைவர்! 8,141 ஓட்டில் தோற்றார். ஜெயித்திருந்தால் டெல்லியில் அவரை அ.தி.மு.க. எம்.பி. என்றுதான் எண்ணியிருப்பார்கள், அவருடைய சொந்தக் கட்சியின் கணக்கில் ஒரு இடம்கூட ஏறியிருக்காது.