பெயர் தெரியாத தோல் கருவி

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய பெட்டியொன்றைத் திறக்கிறோம். மரப்பிடி போட்ட ஓர் இரும்புக் கருவி கிடைக்கிறது. நுனியில் விநோதமாக ஒரு வளைவு. தோல் வேலைக்கோ, பூட்ஸ் தைக்கவோ பயன்பட்டிருக்கும் என்பது வரை ஊகிக்க முடிகிறது, அதற்குமேல் பிடிபடவில்லை. அப்படிப்பட்ட ஒரு கருவியை எப்படி அடையாளம் காண்பது என்று இன்று பேசலாம்.

முதலில் ஒரு வேண்டுகோள். அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள், சாணை பிடிக்காதீர்கள். உலர்ந்த துணியால் தூசியை மட்டும் துடைத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் அதன் நுனியைப் பாருங்கள். அது வெட்டுகிற நுனியா, குத்துகிற நுனியா, பிடிக்கிறதா, அழுத்துகிறதா? பெயரைத் தேடுவதற்கு முன்னால் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம், பூட்ஸின் அடித்தோலின் விளிம்பைத் தேய்க்கும் இரும்பு. கைக்கு அடக்கமான பிடி, சிறிய இரும்புத் தலை, அதன் முகத்தில் ஒரு பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் மெல்லிய உதடு. மழுங்கிப்போன உளி என்று நினைத்துப் பலர் உடனே அரத்தை எடுத்துவிடுகிறார்கள். எனக்கு மனம் பதறும் இடம் அது. கூர் இருக்கவே கூடாத கருவி அது. விளக்கில் சூடாக்கி, மெழுகு பூசிய விளிம்பில் அழுத்தி ஓட்டுவார்கள். சூடும் மெழுகும் அழுத்தமும் சேர்ந்து, வெட்டுப்பட்ட தோலின் நார்களைப் படியவைத்து, விளிம்பைக் கெட்டியாக்கிப் பளபளக்கச் செய்யும். பள்ளத்தின் அகலம் அடித்தோலின் தடிமனுக்கு ஏற்றது. அதனால்தான் ஒரே வடிவத்தில், அகலம் மட்டும் மாறி, பல இரும்புகள் ஒன்றாகக் கிடைக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பள்ளத்தின் மூலையில் கறுத்து இறுகிய மெழுகு தெரியலாம். சில பிடிகளில் இரும்பு நுழையும் இடத்தில் மரம் கருகியும் இருக்கும். தேய்த்துக் கழுவியிருந்தால் இந்தத் தடயம் போயிருக்கும்.

அடுத்து, பலரையும் குழப்புவது ஒரு குறடு. அலகு வளைந்து, நுனி அகன்று, உள்ளே பல் வெட்டியிருக்கும். ஓர் அலகுக்கு அடியில் சுத்தியல் தலை மாதிரி ஓர் இரும்புக் கட்டி துருத்திக்கொண்டிருக்கும். அது வீணாக வைத்ததல்ல. பூட்ஸின் மேல்தோலைக் கால் வடிவ மரக் கட்டைமேல் இழுத்துப் போர்த்தும்போது, குறடு தோலைக் கவ்வும், அந்தக் கட்டி நெம்புகோலின் தாங்குபுள்ளியாக நிற்கும். தோல் விறைப்பாக வந்ததும், குறட்டைத் திருப்பி அதே கட்டியால் சிறு ஆணியை அடித்துவிடலாம். கட்டியின் முகத்தில் ஆணி பட்ட சின்னச் சின்னக் குழிகளைத் தேடிப் பாருங்கள்.

குத்தூசி எளிது என்று தோன்றும். ஆனால் அலகின் வளைவையும் குறுக்குவெட்டையும் பார்க்க வேண்டும். நேராக, நான்கு முனையுள்ள சாய்சதுரமாக இருந்தால் சேணம், பை போன்றவற்றைத் தைப்பது. வளைந்திருந்தால் பெரும்பாலும் பூட்ஸ் தைப்பவருடையது. உள்தோலின் ஒரே பக்கத்தில் நுழைந்து அதே பக்கத்தில் வெளியே வரவேண்டியிருப்பதால் அந்த வளைவு. பிடியின் தலையில் தோல் வில்லை பதித்திருந்தால், அது சுத்தியலால் அடிக்கப்பட்ட ஊசி. அடித்தோலில் மர ஆணி இறக்கத் துளை போட்டது.

மர ஆணி என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நீண்ட இரும்புத் தண்டு, அதன் முனையில் கால் பாதம் போல மடங்கிய ஒரு முரட்டு அரம். எதை அராவியிருப்பார்கள் என்று ஊகிப்பதே கடினம். பூட்ஸுக்குள் கையை விட முடியாது அல்லவா? உள்ளே எட்டிப் பார்க்கும் மர ஆணி முனைகளை அராவித் தள்ளத்தான் இவ்வளவு நீளம்.

பல் சக்கரங்களில் எச்சரிக்கை தேவை. தையற்காரர், சமையல்காரர், புத்தகம் கட்டுபவர் என எல்லோரிடமும் சக்கரம் உண்டு. தோலில் தையல் இடைவெளியைக் குறிக்கும் சக்கரத்தில் எண் பொறித்திருந்தால், பெரும்பாலும் அது ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்பதைச் சொல்லும். மற்ற கருவிகளில் உள்ள எண் அளவாகவோ விலைப்பட்டியல் எண்ணாகவோ இருக்கலாம். அதை ஆண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தயாரிப்பாளர் முத்திரை இருந்தால் நல்லது. அமெரிக்காவின் சி.எஸ். ஆஸ்போர்ன் 1826-இலும், ஷெஃபீல்டின் ஜார்ஜ் பார்ன்ஸ்லி 1836-இலும் தொடங்கிய நிறுவனங்கள். ஆனால் அந்த ஆண்டுகள் நிறுவனத்தின் வயதுதான். ஒரே வடிவக் கருவியைப் பல தலைமுறைகளாகச் செய்திருக்கிறார்கள். நாட்டின் பெயர் பொறித்திருப்பது கொஞ்சம் உதவும். இறக்குமதிப் பொருளில் உற்பத்தி நாட்டைக் குறிக்கவேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டதற்குப் பிறகு அந்த வழக்கம் பரவலானது.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லையென்றால், தடித்த தோல் துண்டொன்றை நனைத்து, ஈரம் சற்று உலர்ந்ததும் கருவியை அதன்மேல் மெல்ல அழுத்தி இழுங்கள். ஈரத் தோல் அச்சை அப்படியே வாங்கிக்கொள்ளும். கோடு விழுகிறதா, புள்ளிகளா, விளிம்பு மடிகிறதா, சீவல் வருகிறதா என்று பாருங்கள். பின்பு அந்தத் தோலையும் கருவியையும் சேர்த்துப் படமெடுத்து, பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து, அனுபவமுள்ள தொழிலாளி ஒருவரிடம் காட்டுங்கள். கருவியின் படத்தை மட்டும் பார்த்துத் தயங்குகிறவர்கூட, தோலில் விழுந்த தடத்தைப் பார்த்ததும் அது எந்த வேலைக்கானது என்று சொல்லிவிட வாய்ப்பு உண்டு.

நன்றி, வணக்கம்.