கச்சான் சாக்கும் நம்முடைய வயிறும்

வணக்கம். வயிற்றைப் பற்றிப் பேசத்தான் வானொலிக்குக் கூப்பிட்டார்கள், ஆனால் நான் சாக்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன். விவசாயப் போதனாசிரியராக மட்டக்களப்புப் படுவான்கரையில் சைக்கிள் மிதித்த நாளிலிருந்து ஒன்றையே சொல்லிவருகிறேன்: ஈரச் சாக்கில் பூக்கிற பூஞ்சணத்தின் நஞ்சுக்குக் காவல் மருந்துக்கடையில் இல்லை, முற்றத்து வெயிலில்தான் இருக்கிறது.

எங்கள் அம்மா மாரி மழைக்கென்று ஒரு சாக்குக் கச்சான் வாங்கி அடுப்படி மூலையில், வெறும் சீமெந்துத் தரையில் வைப்பார். ஒரு கார்த்திகையில் அவிழ்த்தால் அடிச்சாக்கு வேர்த்து, பருப்பெல்லாம் பச்சைத் தூள். அம்மா விடுவாரா? ஊதித் துடைத்து, மணலில் வறுத்து, "நெருப்புக் காட்டினால் எல்லாம் செத்துப்போகும், தின்னு மகன்" என்றார். அன்றிரவு நானும் தங்கையும் மாறி மாறி வாந்தி. அம்மா குற்றம் சொன்னது பின்னேரம் வாங்கிய கடை வடையை, பாவம் அந்த வடை.

பூஞ்சணம் செத்தது உண்மைதான். நஞ்சு சாகவில்லையே! அஃப்ளடொக்சின் என்ற அது வறுத்தால் கொஞ்சம் குறையும், கொதிக்கிற தண்ணீருக்கெல்லாம் அசையாது, தனக்கென்று நிறமோ மணமோ வைத்துக்கொள்ளாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சம் வான்கோழிகள் வரை செத்தபோது, தீனியில் கலந்த கச்சான் பிண்ணாக்கில்தான் இதைப் பிடித்தார்கள். இது வயிற்று வழியாகப் போய் ஈரலில் குந்திக்கொள்ளும். கோதுமையிலும் சோளனிலும் வருகிற இன்னொன்று குடலையே புண்ணாக்கும், அதற்கு வாந்தியை வைத்தே பெயர், வொமிடொக்சின்.

அதனால் திரும்பவும் சொல்கிறேன், வெயில். கச்சானைக் கோதோடு குலுக்கினால் உள்ளே கலகலக்க வேண்டும், சோளனைக் கடித்தால் 'கடுக்' என்று உடைய வேண்டும். மழை இருட்டினால் படங்கை இழுத்து மூடுங்கள், மழை விட்டதும் மறக்காமல் திறவுங்கள், மூடியே கிடந்தாலும் வேர்க்கும். சாக்கைப் பலகையில் ஏற்றி, சுவரில் முட்டாமல் வையுங்கள். சுருங்கியது, வெடித்தது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள், நஞ்சில் பெரும்பங்கு அந்தச் சில பருப்புகளில்தான். வாயில் கசந்தால் விழுங்காமல் துப்புங்கள், விருந்துக்குப் போன வீடென்றாலும்தான்.

மாட்டுத் தீனியைப் பற்றி விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒரே வார்த்தை: பொறுக்கி எறிந்ததை மாட்டுக்குக் கொட்டாதீர்கள், அந்த நஞ்சு பாலில் இறங்கி நம்முடைய தயிர்ச் சட்டிக்கே திரும்பி வரும். அடுத்த பாட்டு முடிவதற்குள் எழுந்துபோய் மூலைச் சாக்கைத் தூக்கிப் பலகையில் வைத்துவிடுங்கள். வணக்கம்.