சாய் மிங்-லியாங் ஏன் முப்பது வருடமாக ஒரே ஆளைப் படம் எடுக்கிறார்?

(திரையில்: காலியான தியேட்டர் இருக்கைகள். சத்தம் இல்லை.)

இதை இப்படியே ஐந்து நிமிடம் ஓடவிட்டால் நீங்கள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவீர்கள், தெரியும். ஆனால் 2003இல் வந்த 'குட்பை டிராகன் இன்' படத்தில் தைவான் இயக்குநர் சாய் மிங்-லியாங் அதைத்தான் செய்தார். மூடப்போகிற தைபே தியேட்டர் ஒன்றில் கடைசி ஆட்டம் முடிகிறது, டிக்கெட் கொடுக்கும் பெண் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து தரையைப் பெருக்கிவிட்டு வெளியே போகிறார், அவர் போன பிறகும் கேமரா அங்கேயே நிற்கிறது.

உடனே 'ஸ்லோ சினிமா', அதாவது நீண்ட ஷாட்களில் மெதுவாக நகரும் படவகை, என்று முத்திரை குத்திவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்பதே வேறு கதை.

சாய் தைவான் இயக்குநர்தான், ஆனால் பிறந்தது 1957இல், மலேசியாவின் கூச்சிங்கில். சின்ன வயதில் தாத்தா, பாட்டி கூட்டிக்கொண்டு போக, தியேட்டரே கதி. இருபது வயதில் தைபே போய் நாடகமும் சினிமாவும் படித்தார், மேடை நாடகம் போட்டார், டிவிக்கு எழுதினார். 1991இல் ஒரு டிவி படத்துக்கு ஆள் தேடும்போது, வீடியோ கேம் கடை வாசலில் நின்றிருந்த லீ காங்-ஷெங் கண்ணில் பட்டார். நடிப்பு அனுபவம் சுத்தமாகக் கிடையாது. தலையைத் திருப்பச் சொன்னாலும் மெதுவாகத்தான் திருப்புவார். கொஞ்சம் இயல்பாகச் செய் என்று சாய் சொல்ல, எனக்கு இதுதான் இயல்பு என்றாராம் லீ. சாய் யோசித்துவிட்டு, பையனை மாற்றாமல் படத்தின் வேகத்தை மாற்றிக்கொண்டார்!

அப்புறம் நடந்தது எல்லாம் லீயின் உடம்பைச் சுற்றித்தான். லீக்கு நிஜமாகவே கழுத்து வலி வந்து மாதக்கணக்கில் படுத்தியபோது, அதையே வைத்து 1997இல் 'தி ரிவர்' எடுத்தார். அதில் சினிமா ஷூட்டிங்குக்காக அழுக்கு ஆற்றில் பிணம் போல மிதக்கும் இளைஞனுக்குக் கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது. அதற்கு முன்பே, 1994இல், அவருடைய 'விவ் லாமூர்' வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியிருந்தது.

சரி, எல்லாமே இப்படி அழுத்தமான படங்களா? இல்லை. 1998இல் வந்த 'தி ஹோல்' படத்தில் கொள்ளைநோய், ஓயாத மழை, மேல்வீட்டுத் தரையில் ஓர் ஓட்டை; நடுவில் திடீரென்று பழைய பாட்டும் டான்ஸும்! 2005இல் தர்பூசணியும் ஆபாசப் பட நடிகனுமாக இன்னொரு மியூசிக்கல். 2006இல் கோலாலம்பூர் போய், வங்கதேசத் தொழிலாளர்கள் தெருவில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவந்து பார்த்துக்கொள்ளும் கதை. 2009இல் பாரிஸின் லூவர் மியூசியத்துக்காக ஒரு படம். 2017இல், கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு நாலா பக்கமும் திரும்பிப் பார்க்கும் விஆர் படம் வேறு! கேமராவை அசைக்காத மனிதர், தலையைத் திருப்பும் வேலையைப் பார்வையாளரிடமே கொடுத்துவிட்டார்.

எனக்குப் பிடித்தது 2012இல் தொடங்கிய 'வாக்கர்' வரிசை. நம் பள்ளிப் புத்தகத்தில் வந்த அதே யுவான் சுவாங்கை நினைத்துச் செய்தது. மொட்டைத் தலை, சிவப்பு அங்கி, வெறுங்கால். ஹாங்காங் தெருவில் லீ ஒரு பாதத்தைத் தூக்குகிறார், குதிகால் எழுகிறது, விரல்கள் தரையை விட மனமில்லாமல் விடுகின்றன, அதற்குள் பத்து இருபது பேர் பக்கத்தில் கடந்து போய்விடுகிறார்கள். மார்செய், டோக்கியோ, வாஷிங்டன் என்று நடை இன்னும் தொடர்கிறது.

2020இல் 'டேஸ்' வந்தபோது லீக்கு ஐம்பது வயது கடந்திருந்தது, கழுத்து வலி திரும்ப வந்திருந்தது. முதுகில் புகை எழும்பும் அந்தச் சிகிச்சைக் காட்சி நடிப்பு இல்லை, நிஜம். வசனம் ஏறக்குறைய கிடையாது, வரும் கொஞ்சத்துக்கும் வேண்டுமென்றே சப்டைட்டில் போடவில்லை. அதனால் மொழி தெரியாதே என்ற சாக்கு செல்லாது. போனில் மட்டும் பார்க்காதீர்கள்.

(திரையில்: லீயின் வெறுங்கால், தரையிலிருந்து அரை அங்குலம் மேலே.)